விதைக் குரக்கன்

உரும்பிராய்
12.02.1995

அன்புத் தம்பி இரத்தினத்துக்கு,

அக்கா சிவக்கொழுந்து எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. மழை வரப்போகிறதென்றால் முழங்கால் முதலில் எனக்குத்தான் சொல்லும், அவ்வளவுதான். உன் சுகம் கேட்கத்தான் பயமாயிருக்கிறது. ‘சீனி வருத்தம், இருநூற்றெழுபது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் வெள்ளவத்தைக் கடல் நல்ல நீலமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நான் கடலையா கேட்டேன்?

மூன்று வருடமாக லொட்ஜ் சாப்பாடு. காலையில் பாண், மத்தியானம் வெள்ளைச் சோறு, இரவில் கொத்துறொட்டி. பிறகு சீனி வராமல் என்ன வரும்? உன் மனிசி பத்மாவதி உயிரோடு இருக்கும்வரை உன்னைக் குசினிப் பக்கமே விடவில்லை, பாவி. தானும் போய், உன்னையும் கடைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டாள்.

உரமும் மருந்தும் அடிக்காத மரக்கறி சாப்பிடச் சொல்லி டொக்டர் சொன்னாரென்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுத் தனிய இருந்து சிரித்தேன். ஐந்து வருடமாக இங்கே யூரியா கண்ணால் காணவில்லை. தடை. மாட்டெருவும் குழையும் சாம்பலும்தான். உன்னுடைய டொக்டர் காசு வாங்கிக்கொண்டு சொல்லுகிற வைத்தியத்தை அரசாங்கம் எங்களுக்கு இனாமாகச் செய்கிறது.

அந்தந்த மாதத்தில் மண் எதைத் தருகிறதோ அதைச் சாப்பிடு. இப்போது முருங்கைக்காய்க் காலம். வல்லாரை, பொன்னாங்காணி கொழும்பிலும் கிடைக்கும். இரவில் குரக்கன் பிட்டு.

தைப்பூசத்துக்குப் புதிர் எடுத்தேன். புதுத் தானியத்தைத் தனி ஆளாகச் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் வீட்டு முறை. அதனால் உனக்கும் ஒரு இலை போட்டேன். கடைசியில் அதைத் தூக்கிக் காகத்துக்கு வைத்தேன். குரக்கன் பிட்டுக்கு அது உன்னைப்போல முகம் சுளிக்கவில்லை.

உடம்பைப் பார்.

அக்கா

---

வெள்ளவத்தை
09.03.1995

பேரன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன். முழங்காலுக்குப் பிண்டத்தைலம் பூசுகிறீர்களா? நான் நலம். கவலைப்படும்படி ஒன்றும் இல்லை.

நீங்கள் சொன்னபடியே நடக்கிறேன். ஒரு மின்சார அடுப்பு வாங்கிவிட்டேன். நேற்றுக்கூட முசுட்டை இலை வறுத்துச் சாப்பிட்டேன். நல்ல ருசி.

கனடாவிலிருந்து மகன் போன மாதம் பேசினான். விசா அலுவல் இழுபடுகிறதாம். இந்த லொட்ஜில் இருபத்தாறு பேர் இருக்கிறோம், எல்லோரும் எங்கேயோ போவதற்காக. ஒருவர் போனால் அதே கட்டிலில் அன்று பின்னேரமே இன்னொருவர். முதல் வருடம் எல்லோருடைய பெயரும் கேட்டு வைத்திருந்தேன். இப்போது கேட்பதில்லை. மனேஜர் நமசிவாயம் மட்டும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அதுவும் பொலிஸ் பதிவுக்கு.

உங்கள் அன்புத் தம்பி,
இரத்தினசிங்கம்

---

உரும்பிராய்
02.04.1995

தம்பிக்கு,

நான் நல்லாயிருக்கிறேன். நீயும் அப்படியிருக்க நல்லூரான் துணை.

வெள்ளவத்தையில் முசுட்டை எந்த வேலியில் படர்கிறது என்று எனக்கும் ஒருக்கால் சொல்லு. அங்கே வேலியே இல்லை, எல்லாம் மதில் என்று நீதானே எழுதினாய்? பொய் சொல்லுகிறவன் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும். முப்பத்து மூன்று வருடம் கந்தோரில் கிளாக்கராக இருந்தும் உனக்கு அது வரவில்லை.

நீ சமைக்கவில்லை. அடுப்பே வாங்கவில்லை. எனக்குத் தெரியும். கோபமில்லை. ஒருவனுக்காக ஒரு சட்டி வைப்பது அலுப்புத்தான். எனக்கு மட்டும் அலுப்பில்லையா? ஆனாலும் வைக்கிறேன். வைக்காவிட்டால் வீட்டில் ஆளில்லாத மாதிரி இருக்கும்.

கடையில் குரக்கன் மா வாங்காதே, கோதுமை கலந்திருப்பான். தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து, முன்னால் நின்று திரிப்பித்து எடு.

அக்கா

---

வெள்ளவத்தை
20.06.1995

அன்புள்ள அக்கா,

சுகமா? சித்திரைக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மறுபடியும் சண்டை தொடங்கியதால் தபால் தாமதமென்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

முசுட்டை பொய்தான். மன்னியுங்கள். இப்போது உண்மையாகவே அடுப்பு வாங்கியிருக்கிறேன். இரத்மலானையிலிருந்து வருகிற ஒரு சிங்களக் கீரைக்காரி சந்தை வாசலில் சாக்கு விரித்திருப்பா. சொந்த வளவுக் கீரையாம். நான் கையால் சைகை செய்து வல்லாரை வாங்கினேன். எப்படி அரிய வேண்டுமென்று அவ தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினா. மூன்று வருடத்தில் கொழும்பில் ஒருவர் எனக்கு ஆறுதலாக நின்று ஏதாவது காட்டியது இதுதான் முதல் தடவை.

புதுச் செருப்பு வலது காலைக் கடித்துவிட்டது. சின்னக் காயம்.

தம்பி

---

வெள்ளவத்தை
14.08.1995

அன்புள்ள அக்கா,

உங்கள் கை பட்ட பை வந்து சேர்ந்தது! ஊரிலிருந்து கிளெமென்ற் மாஸ்ரர் பதினொரு நாள் பயணம் செய்து, கிளாலிக் கடலைக் கடந்து வந்து, நேற்றுக் கையில் தந்தார். “அக்கா தந்தவ, பத்திரமாக் குடுக்கச் சொன்னவ” என்றார். கடிதம் கொண்டுவந்தால் வழியில் பிரித்துக் கேள்வி கேட்பார்கள் என்று வாங்கவில்லையாம். பரவாயில்லை. உங்கள் மயில்பச்சைச் சேலைக் கரையில் தைத்த பையைக் கண்டதே எனக்குக் கடிதம்.

தம்பி கடை மாவைத் தின்கிறானே என்று அவ்வளவு தூரத்திலிருந்து குரக்கன் அனுப்பியிருக்கிறீர்கள். என்ன மணி அக்கா, ஒரு சொத்தை இல்லை! நீங்கள் சொன்னபடி கழுவி, காயவைத்து, இன்று முன்னால் நின்று திரிப்பித்தேன். நீத்துப்பெட்டி இல்லை, வடிதட்டில் அவித்தேன். மூடியைத் திறந்ததும் வந்த வாசத்துக்கு என்னையறியாமல் “அக்கா” என்று கூப்பிட்டுவிட்டேன். அடுத்த அறைப் பொடியன் எட்டிப் பார்த்தான்.

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்குமோ தெரியாது. கிடைத்தால் ஒன்று அறியுங்கள்: இன்று உங்கள் தம்பி வயிறு நிறையச் சாப்பிட்டான்.

தம்பி

---

உரும்பிராய்
15.07.1995

தம்பி,

சுகம். உன் காலைக் கவனி. சீனிக்காரனுக்குக் கால் காயம் சின்னக் காயமில்லை.

அளவெட்டி, சண்டிலிப்பாய்ச் சனமெல்லாம் சட்டிபானையோடு வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. இன்றைக்கு அவர்கள், நாளைக்கு நாங்களாக இருக்கும். அதனால் ஒரு வேலை செய்தேன். கிளெமென்ற் மாஸ்ரரிடம் ஒரு பை குரக்கன் கொடுத்துவிட்டிருக்கிறேன். கடிதம் கொண்டுபோக மாட்டாராம். அதனால் இதைத் தபாலில் போடுகிறேன். அவர் ஆவணியில்தான் வெளிக்கிடுவாராம், பைக்கு முன்னால் இது வந்துவிடும்.

அது சாப்பிடுவதற்கில்லை. விதை. பதினைந்து வருடமாக, அறுக்கும்போது நல்ல கதிராகப் பார்த்துப் பொறுக்கி, அடுப்புப் புகையில் கட்டித் தூக்கி, வேப்பிலை போட்டுக் காத்த விதை. உரமில்லாத மண்ணில், மழைத் தண்ணியில் மட்டும் வருகிற குரக்கன். யூரியாத் தடைக்குப் பிறகு பக்கத்துத் தோட்டமெல்லாம் படுத்தபோது இதுதான் எனக்குச் சோறு போட்டது. பாதி என்னிடம், பாதி உன்னிடம். நான் எங்கே ஓடினாலும், என்ன இழந்தாலும், உன்னிடம் ஒரு பாதி இருக்கும். ஈரம் படாத இடத்தில் வை. கேட்கும்போது தா.

உன்னை நம்பி வேறெதையும் இதுவரைக்கும் கேட்டதில்லை.

அக்கா

---

வெள்ளவத்தை
18.09.1995

அக்கா,

ஆடியில் நீங்கள் எழுதிய கடிதம் இன்றுதான், இரண்டு மாதம் கழித்து வந்தது. உங்கள் விதையை நான் தின்றுவிட்டேன் அக்கா. பதினெட்டு இரவு பிட்டு அவித்தேன். கடைசி மாவையும் போன வெள்ளிக்கிழமை ரின்னைத் தட்டிக் கொட்டி முடித்தேன். ஆவணியில் எழுதினேனே, அது உங்களுக்குக் கிடைத்ததா? கிடைத்திருந்தால் நீங்கள் எப்படி இருந்திருப்பீர்கள்?

இன்னொன்று. கால் காயம் ஆறவில்லை. சின்னவிரல் கறுத்துவிட்டது. பக்கத்து விரலும் அப்படித்தான். வெட்ட வேண்டுமென்று டொக்டர் சொல்கிறார். கையெழுத்துப் போட ஒரு சொந்தக்காரரைக் கூட்டிவரச் சொன்னார். நான் யாரைக் கூட்டிப்போவேன்? நமசிவாயத்தைக் கேட்க வேண்டும்.

(இக்கடிதம் தபாலில் சேர்க்கப்படவில்லை.)

---

வெள்ளவத்தை
18.09.1995

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். கடிதம் கிடைத்தது. பை பத்திரமாக இருக்கிறது. வீண் யோசனை வேண்டாம்.

தம்பி இரத்தினசிங்கம்

---

மீசாலை
10.12.1995

அன்புத் தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி முப்பதாந் திகதி, ஆமி வருகிறதென்று, இரவோடிரவாக எல்லோரையும் வெளிக்கிடச் சொன்னார்கள். உரும்பிராயிலிருந்து இங்கே ஒரு நாளில் நடக்கிற தூரந்தான், மூன்று நாள் எடுத்தது. அவ்வளவு சனம். குடையை மல்லாத்திப் பிடித்து மழைத் தண்ணியை ஏந்திக் குடித்தார்கள். நான் இரண்டு சேலையும் விதைப் பானையும் கொண்டுவந்தேன். உன் கடிதத்தை மடியில் செருகியிருந்தேன். நாங்கள் ஓடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அது வந்தது. உன் ஆனிக் கடிதத்துக்கும் இதற்கும் நடுவில் வேறொன்றும் எனக்கு வரவில்லை.

பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் ஆறு குடும்பம். நாலாம் நாள் ஒருவரிடமும் ஒன்றுமில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சி, பெட்டை, இரண்டு நாளாகத் தண்ணியோடு கிடந்தாள். அவளைப் பார்த்தேன், பானையைப் பார்த்தேன். செத்தாலும் விதையைத் தின்னக்கூடாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். உன் கடிதத்தை எடுத்து இன்னொருக்கால் வாசித்தேன். ‘பை பத்திரமாக இருக்கிறது.’ உன்னுடைய வடிவான கிளாக்கர் எழுத்து. பிறகு பக்கத்து வீட்டில் திரிகை கேட்டு வாங்கி, அவ்வளவையும் திரித்து, வகுப்பறைக்கே கஞ்சி காய்ச்சினேன்.

ஒரு மணியும் மிச்சமில்லை. ஆனால் நிம்மதியாகப் படுத்தேன். உன்னிடம் பாதி இருக்கிறதே.

நான் ஆரோடும் கதைப்பது குறைவு. இவ்வளவு சனத்துக்கு நடுவில் ஏனோ முந்தியை விடத் தனிமையாக இருக்கிறது. நீ லொட்ஜைப் பற்றி எழுதியது இப்போதுதான் விளங்குகிறது.

அக்கா

---

வெள்ளவத்தை
21.01.1996

அன்புள்ள அக்கா,

நீங்கள் உயிரோடிருப்பதை அறிந்து பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். முழங்கால் எப்படி? அவ்வளவு தூரம் நடந்திருக்கிறீர்களே.

ஐப்பசியில் பத்து நாள் உடம்பு சரியில்லை, அறையில் இல்லை. இப்போது நலம்.

இங்கே ஒரு சின்ன விளையாட்டுச் செய்கிறேன். குரக்கன் முளைத்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசை வந்து, நாலு பால்மா ரின்னில் கொஞ்சம் போட்டிருக்கிறேன். கொழும்பில் எல்லாம் விலைக்குக் கிடைக்கும், மண் மட்டும் கிடைக்காது. எங்கு பார்த்தாலும் சீமெந்து. கீரைக்காரியிடம் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். மறுநாள் இரத்மலானையிலிருந்து ஒரு உரப்பை மண்ணைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தா. சோதனைச் சாவடியில் மண்ணைக் கம்பியால் குத்திப் பார்த்தார்களாம். காசு வாங்கவில்லை.

போன கிழமை லொட்ஜைச் சோதனை போட்டார்கள். ஒரு ஆமிப் பொடியன் பல்கனி ரின்களைத் துவக்கு முனையால் தொட்டு, “மே மொனவாத?” என்றான். “குரக்கன்” என்றேன். சிங்களத்திலும் அதே பெயர்தானே. குனிந்து பார்த்தான். “அப்பே கமெத் தியனவா” என்றான், தங்கள் ஊரிலும் இருக்கிறதாம். போகும்போது ரின்னில் முட்டாமல் ஒதுங்கிப் போனான்.

பை பத்திரம்.

தம்பி

---

உரும்பிராய்
26.05.1996

தம்பிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓடு பாதி இல்லை, கதவு ஒன்றும் இல்லை. கிணறு இருக்கிறது. நான் சுகம்.

முருங்கை முறிந்து கிடந்த இடத்திலிருந்தே துளிர்த்திருக்கிறது. மூன்று நாளாக அந்த இலைதான் கறி. மண் ஆறுமாதம் சும்மா கிடந்து நல்லாய் இளகிப்போய்க் கிடக்கிறது. புரட்டாதி மழைக்கு முன்னர் கொத்தி வைத்துவிடுவேன்.

கேட்கும்போது தா என்றேன் அல்லவா? இப்போது கேட்கிறேன். கிளெமென்ற் மாஸ்ரர் கொழும்பில்தான் நிற்கிறாராம். ஆடி கடைசியில் திருகோணமலையால் கப்பலில் வருவார். அவரிடம் பையைக் கொடுத்துவிடு.

விதை வந்தால் நான் இந்த வீட்டில் இருப்பேன். வராவிட்டால் ஏன் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

அக்கா

---

வெள்ளவத்தை
08.07.1996

அக்கா,

சுகம் கேட்டு எழுதும் தகுதி எனக்கில்லை. நேரே சொல்லிவிடுகிறேன்.

பையைத் திறந்து நீங்கள் ஏமாறுவதற்கு முன் இதை வாசியுங்கள். உங்கள் விதை முழுவதையும் போன ஆவணியில் நான் திரித்துத் தின்றுவிட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. சாப்பிடத்தான் அனுப்பினீர்கள் என்று நினைத்தேன். அது பிழை. அதற்குப் பிறகு ‘பத்திரமாக இருக்கிறது’ என்று எழுதினேனே, அது பிழையில்லை, பொய். நீங்கள் அந்தப் பொய்யை மடியில் வைத்துக்கொண்டு பானையைக் கவிழ்த்தீர்கள். மீசாலைக் கடிதத்தை வாசித்த அன்று நான் கடற்கரையில், தண்டவாளத்துக்கு அருகில், கன நேரம் நின்றேன். எதற்கு நின்றேன் என்று எழுத மாட்டேன்.

திரும்பி வந்து வெறும் பையை எடுத்து மோந்து பார்த்தேன். விரலில் ஏதோ நெருடியது. தையலைப் பிரித்தேன். நீங்கள் இரட்டைத் தையல் போட்டிருந்தீர்கள். மடிப்புக்குள் பதினொரு மணி இருந்தது.

ஆறு முளைத்தது. இரண்டைக் காகம் கொத்தியது. இரண்டு கடற்காற்றில் கருகியது. பகலில் வெளியே வைத்து, காற்று அடிக்கும்போது உள்ளே தூக்கி, வெயில் போன பக்கமெல்லாம் ரின்னைக் கொண்டு திரிந்தேன். நமசிவாயம் எனக்குப் பைத்தியம் என்று நினைத்தார். பிறகு அவரே தண்ணீர் ஊற்றினார். இரண்டு செடி கதிர் விட்டது. பையில் இருப்பது அவ்வளவுதான். உள்ளங்கைக் குழியும் நிறையாது. ஒரு மணியும் நான் வாயில் போடவில்லை.

மன்னிக்கக் கேட்கவில்லை. கிடைத்ததென்று மட்டும் எழுதுங்கள்.

தம்பி

---

உரும்பிராய்
13.10.1996

தம்பி,

கடிதமும் பையும் ஆவணியிலேயே கிடைத்துவிட்டன. தபால் பிந்தவில்லை, நான்தான் எழுதவில்லை. கோபம்.

கஞ்சி காய்ச்சியதற்காக இல்லை. உன் கடிதம் இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டைக்கு நான் காய்ச்சித்தான் இருப்பேன், இது பிறகுதான் எனக்கே விளங்கியது. ஆனால் ‘தின்றுவிட்டேன் அக்கா’ என்று ஒரு வரி எழுத உனக்குப் பத்து மாதம் எடுத்ததே! நான் என்ன பொலிசா? எனக்கென்று மிச்சமிருப்பது நீ ஒருவன். நீயும் பத்திரிகைச் செய்தி மாதிரி ‘நலம், நலம்’ என்று எழுதினால் நான் ஆரிடம் போவேன்?

கிளெமென்ற் மாஸ்ரரிடம், “தம்பி எப்பிடி நடக்கிறான்?” என்று கேட்டேன். மனிசன் கிணற்றைப் பார்த்தார். “என்ன மாஸ்ரர், நான் கேட்டது விளங்கேல்லையோ?” என்றேன். “தேத்தண்ணி இருக்கோ அக்கா?” என்றார். பொய் சொல்லத் தெரியாத ஆளைத் தூது அனுப்பினால் இப்படித்தான், விரல் வெட்டியது வெளியில் வந்துவிட்டது. எத்தனை விரல் போனது? விதைக்கு உண்மையை எழுதிவிட்டுக் காலை ஒளித்து வைத்திருக்கிறாய். மறுதபாலில் எழுது. வெட்டுவதற்குச் சொந்தக்காரர் கையெழுத்துக் கேட்டிருப்பார்களே, ஆர் போட்டது என்றும் எழுது. நான் பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று இரண்டு நாள் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்காமல்.

இனி விதை. பாத்தி கட்டி ஒவ்வொரு மணியாக வைத்தேன். நூற்றுத்தொண்ணூறு முளைத்திருக்கிறது. இரத்மலானை மண்ணில் பிறந்தது உரும்பிராய் மண்ணுக்கு முகம் கோணவில்லை. அந்தக் கீரைக்காரிக்கு என் பேரைச் சொல்லி வெற்றிலை கொடு.

ஆனால் கேள். வரும் தையில் அறுப்பதில் ஒரு மணியும் நான் தின்ன மாட்டேன். அவ்வளவும் மறுபடி விதைக்குத்தான். அதற்கடுத்த தையில்தான் எங்களுக்குப் புதிர். இன்னும் பதினைந்து மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் நீ வல்லாரை சாப்பிடு, தவிட்டரிசி சாப்பிடு, பாணை விடு, மிச்ச விரலைக் காப்பாற்று. இது வைத்தியமில்லை, என் கட்டளை. விசா வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தைப்பூசத்துக்கு நீ இங்கே வருகிறாய்.

இரண்டு இலை போடுவேன். உன்னுடையதை இந்த முறை காகத்துக்கு வைக்க மாட்டேன்.

அக்கா
சிவக்கொழுந்து